வெளியே போக ஒரு வாக்கியம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில், ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் இருந்தவர்கள்: கரும்பலகைக்குப் பக்கத்தில் தேவசகாயம் சார், முதல் பெஞ்சில் சாயப்பட்டறை சென்னியப்பன், துபாய் வேலைக்காக, அவனுக்கு அடுத்து நர்ஸ் ரெஜினா, லண்டன் பரீட்சைக்காக, நடு பெஞ்சில் பழனிசாமியும் அவர் மனைவி தங்கமணியும், மகனை இங்கிலீஷ் பள்ளியில் சேர்க்கும்போது பெற்றோரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள் என்பதற்காக, கடைசி பெஞ்சில், ஜன்னல் ஓரம், நாச்சம்மாளாகிய நான், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, எட்டாவது வரை படிப்பு. மொத்தம் ஆறு பேர். வேறு யாரும் இல்லை என்பதை நான் உறுதியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் எங்கே போய் உட்கார்ந்தாலும் முதலில் தலைகளை எண்ணிவிட்டுத்தான் எனக்கு மூச்சு சீராகும்.

நான் ஏன் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனியில் பேக்கிங் தளத்துக்குப் பின்னால் ஒரு கதவு உண்டு, அதைத் திறந்தால் இரும்புப் படிக்கட்டு, படிக்கட்டு இறங்கினால் சந்து. துணி திருட்டுப் போகிறது என்று ஷிப்ட் நேரம் முழுக்க அந்தக் கதவை வெளியிலிருந்து பூட்டி வைப்பார்கள். ஒருமுறை துணி குடோனில் புகை வந்தபோது நாங்கள் அத்தனை பெண்களும் அந்தக் கதவின் முன்னால் ஒருவர் முதுகில் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டு, சாவி வரும் வரை நின்றோம். யாரும் சாகவில்லை. யாரும் சாகாததால் எதுவும் நடக்கவில்லை என்று ஆகி, மறுநாள் ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள். பிறகு எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பிய ஆடிட் மேடம் சோதனைக்கு வந்தார். அன்று மட்டும் பூட்டு இல்லை. மேடம் என்னைப் பார்த்து ஏதோ கேட்க, மேனேஜர் நவநீதன், "இந்தக் கதவு எப்பவும் திறந்திருக்குமான்னு கேக்கறாங்க, நாச்சம்மாக்கா" என்றார். "பூட்டித்தானுங்க இருக்கும்" என்றேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார். மேடம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையிலிருந்த தாளில் ஒரு டிக் போட்டார். நான் சொன்னது இரண்டே வார்த்தை. அவர் சொன்னது எத்தனை என்று எண்ண முடியவில்லை. அடுத்த ஆடிட்டில் நடுவில் ஆள் இல்லாமல் அந்த ஒன்றை மட்டும் என் வாயால் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் வகுப்பு.

தேவசகாயம் சாரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வகுப்பு முடிந்ததும் அவர் கதவருகே போய் நின்றுகொள்வார். ஒவ்வொருவரும் ஒரு இங்கிலீஷ் வாக்கியம் சொல்லிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். நாங்கள் எல்லோரும் அவர் அச்சடித்துத் தந்த சுய அறிமுகத் தாளிலிருந்து ஒரு வரியைச் சொல்வோம். அதனால் எங்கள் எல்லோருக்கும் ஒரே பொழுதுபோக்கு, ஒரே லட்சியம், ஒரே பலம், ஒரே பலவீனம். அன்று சென்னியப்பன், "மை ஹாபி ஈஸ் ரீடிங் புக்ஸ்" என்றான். அவன் வீட்டில் காலண்டர் தவிர அச்சடித்த பொருள் கிடையாது. சார் கொட்டாவியை மறைத்துக்கொண்டு, "வெரி குட், கோ" என்றார். சென்னியப்பன் கதவைத் திறந்தான், வாசற்படியைத் தாண்டினான், தாண்டிய காலோடு உள்ளே வந்து நின்றான்.

அவன் மறுபடி போனான், மறுபடி வந்தான். பழனிசாமி போனார், வந்தார். தங்கமணி, "என்னங்க வெளையாட்டு இது, அடுப்புல பருப்பு வெச்சுட்டு வந்திருக்கேன்" என்று விறுவிறுவென்று போய், அதே விறுவிறுப்போடு எங்கள் நடுவில் வந்து நின்றாள். சார் இவ்வளவு காலம் நின்று கேட்ட கேள்வியை அன்றிலிருந்து கதவே கேட்க ஆரம்பித்துவிட்டது, அவ்வளவுதான். சாரைப் போலக் கொட்டாவி விடாமல் கேட்டது.

மறுநாள் ஆசாரி வந்தார். விவரம் கேட்டுக்கொண்டு, உள்ளே கால் வைக்காமல், வெளிப்படியில் நின்றபடியே கீல்களைக் கழற்றிக் கதவைத் தனியாக எடுத்துச் சுவரில் சாய்த்தார். வெறும் சட்டத்தின் வழியாகப் போனவர்களும் உள்ளேதான் வந்தார்கள். ஆசாரி கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துவிட்டு, "மரத்துல ஒரு குத்தமும் இல்லீங்க" என்று சொல்லி, தெருத் தூசி வருகிறது என்று கதவைத் திரும்ப மாட்டிவிட்டுப் போனார். கீழே மெஸ் வைத்திருப்பவர் ஜன்னல் கம்பி வழியாக ஒரு கயிறும் பிளாஸ்டிக் கூடையும் தந்தார். கூடை இறங்கும், இட்லி ஏறும். துவைக்க வேண்டிய துணி இறங்கும், தலையணை ஏறும். அறையை ஒட்டிக் குளியலறை இருந்தது பெரிய புண்ணியம்.

என் கம்பெனியும் என்னைக் கைவிடவில்லை. எங்கள் வகுப்பு ஜன்னலுக்கு நேர் எதிரேதான் கம்பெனியின் பின்பக்கச் சுவரும் அந்த இரும்புப் படிக்கட்டும் இருந்தன; அதனால் சூப்பர்வைசர் செக்கிங் பண்ண வேண்டிய பனியன்களைக் கட்டுக் கட்டாகக் கூடையில் அனுப்பினார். நான் ஓட்டை பார்த்து, தையல் பார்த்து, எண்ணிக் கட்டித் திருப்பி அனுப்பினேன். "பாருங்க, பஸ்ஸுக்கு நிக்கற அலைச்சல் மிச்சமாச்சு" என்று அவர் கீழே நின்று சந்தோஷமாகச் சொன்னார். நான் தலையைத் தூக்கும்போதெல்லாம் அந்தப் பூட்டு தெரிந்தது. பூட்டிய கதவுக்குப் பின்னால் பெண்கள், பூட்டாத கதவுக்குப் பின்னால் நான்.

முதலில் வெளியே போனது சென்னியப்பன். ஒரு சாயங்காலம் சுய அறிமுகத் தாள் முழுவதையும் கதவைப் பார்த்துப் பாராயணம் பண்ணி, தொண்டை கட்டி, கடைசியில் கதவின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு முனகினான்: "ஐ நோ லைக் துபாய். ஐ ஃபியர் ஃப்ளைட். ஐ நாட் டெல் எனிபடி." சொல்லிவிட்டு ஆத்திரத்தில் கதவைத் தள்ளினான். அவன் செருப்புச் சத்தம் படியில் இறங்கிக்கொண்டே போனதை நாங்கள் ஐந்து பேரும் கேட்டோம். இப்படித்தான் கதவுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தது: இங்கிலீஷ் ஓட்டையாக இருக்கலாம், சொல்வது நிஜமாக இருக்க வேண்டும், அதைக் கேட்க வேண்டியவர் காதில் அதுவரை போட்டிருக்கக் கூடாது.

இன்னொன்று பிறகு தெரிந்தது. சென்னியப்பன் நேராக அண்ணனிடம் போய் அதையே தமிழில் சொல்ல வாயைத் திறந்திருக்கிறான், காற்றுதான் வந்திருக்கிறது. எழுதப் பார்த்தான், பேனா நகரவில்லை. கதவிடம் கொடுத்தது கதவுக்கே சொந்தம், திரும்பி வராது. அண்ணன் விசா வாங்கி வைத்திருந்தார். சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு விமானம் ஏறி துபாய்க்குப் போனான்.

அடுத்து பழனிசாமி எழுந்தார். கதவுக்கு முன்னால் கைகட்டி நின்று, "எவ்ரி ஃப்ரைடே ஐ ஈட் மட்டன். பஸ் ஸ்டாண்ட் ஹோட்டல். மை வைஃப் திங்க் ஐ கோ டெம்பிள்" என்றார். கதவு வழிவிட்டது. தங்கமணிக்கு இங்கிலீஷ் அரைகுறை என்றாலும் மட்டனும் டெம்பிளும் தெரியும்.

"யோவ்! நில்லுய்யா! வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம துன்னூறு பூசிட்டு வந்தது இதுக்குத்தானா?" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவே கேட்கக் கத்தினாள். அவர் கீழே நின்று பதில் சொல்லப் பார்த்தார்; அந்த விஷயத்தைப் பற்றி அவருக்கு இனி வாயே வராது என்பதால் கையை விரித்தார். அதற்குப் பிறகு தங்கமணி வெகுநேரம் யோசித்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒருநாள் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு போய், கதவின் காதில் சொல்வதுபோல் மிகச் சின்னதாக ஏதோ சொன்னாள். எங்களுக்குக் கேட்கவில்லை. கதவுக்குக் கேட்டது. பழனிசாமி கீழே, "அப்படி என்ன புள்ள சொன்னே?" என்று கேட்டபடியே அவள் பின்னால் ஓடினார். இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று மெஸ்காரர் சொல்கிறார்.

ரெஜினா சொன்னதை நான் முழுக்கப் புரிந்துகொண்டேன், ஏனென்றால் அவள் மெதுவாகச் சொன்னாள். அவள் சொன்னது இதுதான்: இரவு டியூட்டியில் ஒரு பெரியவர் கூப்பிட்டார். நான் தூங்குவதுபோல் இருந்தேன். காலையில் அவர் இல்லை. இதைச் சொல்லிவிட்டு அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அந்தப் பெரியவரின் மகன் அடுத்த தெருவில் செல்போன் கடை வைத்திருக்கிறான். அவள் அந்தக் கடை வாசலில் வெகுநேரம் நின்று, வாயைத் திறந்து திறந்து பார்த்து, கடைசியில் ரீசார்ஜ் பண்ணிக்கொண்டு வந்துவிட்டாளாம்.

இதற்குள் ஊர் எங்கள் கதவுக்குப் பழகிவிட்டது. கண்டக்டர்கள் எங்கள் நிறுத்தத்தை "கதவு ஸ்டாப்" என்று கூவினார்கள். கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு, "பையன் கதவு பாஸ் பண்ணினவனா?" என்று கேட்டார்கள், கேட்டவர்களே, பாஸ் பண்ணினவன் எதைக் கொடுத்துவிட்டுப் பாஸ் பண்ணியிருப்பான் என்று பயந்து சம்பந்தத்தை விட்டார்கள். அடுத்த தெரு ஸ்போக்கன் இங்கிலீஷ்காரர் "இங்கே கதவே இல்லை" என்று போர்டு மாட்டி, நிஜமாகவே கதவைக் கழற்றிவிட்டார், அவருக்குக் கூட்டம் அள்ளியது. என் மருமகன் கீழே வந்து நின்று, "அத்தை, வீட்டு விசயம் ஒண்ணும் சொல்லீராதீங்க. சாப்பாடு நான் குடுத்துடறேன், அங்கேயே இருங்க" என்றார். என்ன வீட்டு விசயம் என்று எனக்குத் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்தால் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. மெஸ்ஸில் அன்றிலிருந்து எனக்கு வடையும் சேர்த்து அனுப்பினார்கள்.

சாருக்கு வேறு கஷ்டம். இத்தனை வருஷமாகப் பாடம் நடத்தி நடத்தி, தன் வாழ்க்கை முழுவதையும் எடுத்துக்காட்டு வாக்கியங்களாகச் சொல்லித் தீர்த்துவிட்டிருந்தார். என் மனைவி என்னை விட்டுப் போனாள், இது இறந்த காலம். நான் தனியாகச் சமைக்கிறேன், இது நிகழ் காலம். யாரும் என்னைத் தேடி வர மாட்டார்கள், இது எதிர் காலம். கரும்பலகையில் எழுதி, ஆளுக்குப் பத்து முறை சொல்ல வைத்திருக்கிறார். கதவிடம் கொடுக்க அவரிடம் புதுசாக ஒன்றும் இல்லை.

"உங்ககிட்ட ஒண்ணு இருக்கே, நாச்சம்மாள்" என்றார் ஒருநாள். "பூட்டு விஷயம். மேடம் காதுக்கு இன்னும் போய்ச் சேராதது. அத இங்கிலீஷ்ல சொல்லிட்டுப் போயிர வேண்டியதுதானே?"

"சொன்னாப் போயிருமேங்க சார்."

"நீங்கதான் போயிருவீங்க."

"நான் மட்டும் வெளிய போயி என்ன சார் பண்றது? மேடம்கிட்டச் சொல்ல வாயிலே இருக்கோணுமில்லீங்க."

கதவிடம் கொடுக்க வேறு ஏதாவது எனக்குள் இருக்கிறதா என்று நானும் தேடிப் பார்த்தேன். இனிப்பு மாங்காயைவிடப் புளித்ததுதான் எனக்குப் பிடிக்கும் என்றேன். கதவு என்னைத் திருப்பி அனுப்பியது, அது ஊருக்கே தெரிந்த விஷயம். வெட்கப்பட்டு வெட்கப்பட்டு வாழ்ந்ததில் ரகசியம் என்று எதுவும் என்னிடம் சேரவில்லை. இருந்தது அந்த ஒரு வாக்கியம். அதை ஓட்டை பார்த்து, தையல் பார்த்து, பனியனைப்போல் மடித்து வைத்துக்கொண்டு, பனியன் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். ஆடிட் தேதி நெருங்கியது. மேடம் வருவார், தளத்தைப் பார்ப்பார், டிக் போடுவார், விமானம் ஏறுவார். நான் சந்தின் இந்தப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ராத்திரி அதை நினைத்தால் அறையின் காற்றே தீர்ந்துபோவது போலிருக்கும்.

ஆனால் கம்பெனி எதையும் வீணாக்காது. ஆடிட்டுக்கு முதல் நாள் எங்கள் படிக்கட்டுக்குக் கீழே "பணியாளர் மொழிப் பயிற்சி மையம்" என்று கம்பெனி பெயரோடு ஒரு போர்டு ஏறியது. தொழிலாளிக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறோம் என்று காட்டினால் நல்ல மதிப்பெண் உண்டாம். மெஸ்காரர், "சார், அந்தக் கதவு விசயம்" என்று இழுத்ததற்கு நவநீதன் சிரித்தாராம். "அதெல்லாம் இங்கிலீஷ் வராதவங்களுக்குத்தான் அண்ணா."

மறுநாள் மதியம், தளம் எல்லாம் பார்த்து முடித்த பிறகு, கடைசியாக மேடத்தை மேலே அழைத்து வந்தார். மேடம் பெயர் இங்க்ரிட். நெட்டையாக, வெயிலில் மூக்கு சிவந்து, தாள் அட்டையை மார்போடு அணைத்தபடி உள்ளே வந்தார். நவநீதன் பின்னால் வந்து கதவைச் சாத்தினார். நான் எண்ணினேன்: சார், நான், மேடம், மேனேஜர்.

நவநீதன் என்னைக் காட்டி இங்கிலீஷில் பேசிக்கொண்டே போனார். மேடம் ஜன்னலுக்கு வந்து, காற்றுக்காக நின்றார். எதிரே இரும்புப் படிக்கட்டில் தளத்து ஹெல்பர் ஏறிக்கொண்டிருந்தான். ஆடிட் முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டான். பின்கதவில் பூட்டை மாட்டி, இழுத்துப் பார்த்து, இறங்கினான். அத்தோடு விட்டிருந்தால்கூடத் தப்பியிருப்பார்கள். ஆனால் ஷிப்ட் நேரத்தில் அந்தச் சாவி மேனேஜர் கையில்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் கம்பெனி ஒழுங்கு. அவன் நேராக எங்கள் ஜன்னலுக்குக் கீழே வந்து, கூடையில் சாவியைப் போட்டு, கயிற்றை ஆட்டி, "சார், சாவி!" என்று கூப்பிட்டான்.

கயிற்றை இழுப்பது என் வேலை. இழுத்தேன். நவநீதன் கை நீட்டினார். நான் சாவியை எடுத்து மேடம் கையில் வைத்தேன். கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேடத்தின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"மேடம். பேக் டோர், டெய்லி லாக். ஃபுல் ஷிப்ட். டுடே ஒன்லி ஓப்பன், யூ கம். ஒன் டே ஸ்மோக். வி ஸ்டாண்ட் இன்சைட். நோ கீ."

நவநீதன், "அவங்க என்ன சொல்றாங்கன்னா" என்று இங்கிலீஷில் ஆரம்பித்தார். மேடம் அவரைப் பார்க்காமல் ஒரு கையைத் தூக்கினார். மேடத்தின் மூக்கு மட்டுமில்லை, கழுத்தும் சிவந்தது. அவர் விறுவிறுவென்று கதவுக்குப் போய்த் திறந்தார், தாண்டினார், உள்ளே வந்தார். சார் தயங்கித் தயங்கி, நல்ல இங்கிலீஷில், கதவின் கணக்கை அவருக்கு விளக்கினார். மேடம் கேட்டுக்கொண்டார். அவருக்குச் சொல்ல ஒன்று இருந்தது என்பது அவர் கதவைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. வாயைத் திறந்தார்.

"மேடம், நோ டோர்!" என்று நான் கத்திவிட்டேன். நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. "டெல் டோர், யூ கோ, வேர்ட் கோ. டெல் மீ. ப்ளீஸ்."

அவர் திரும்பினார். பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "லாஸ்ட் இயர்," என்றார், எனக்காக ஒவ்வொரு வார்த்தையாக, "யூ செட் இட். ஐ சா யுவர் ஃபேஸ். ஐ சா த மார்க் ஆஃப் த லாக். ஐ நியூ. ஐ ரோட் ஓகே."

போன தடவையே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் டிக் போட்டிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது, அதை இங்கிலீஷில் சொல்லத் தெரியவில்லை, தமிழிலும் சொல்லவில்லை. அவர் கைப்பேசியை எடுத்து, அவர் ஊர் ஆபீஸைக் கூப்பிட்டு, அதையே இன்னும் நீளமாக, என்னைப் பார்த்தபடியே சொன்னார். சாவியை மூடிய கை திறக்கவேயில்லை. நவநீதன் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்தார். "ஆல் டோர்ஸ் ஆர் ஓப்பன் ஆஸ் பர் ரூல்ஸ்" என்று கதவிடம் சொல்லிப் பார்த்தார், போனார், வந்தார்.

டீ குடிக்கும் நேரத்துக்குள் முதலாளி கார் சந்தில் வந்து நின்றது. ஆர்டரை நிறுத்திவிட்டார்களாம்.

"நவநீதா! அந்தச் சாவிய கீழ போடுய்யா! மேடம், ப்ளீஸ் மேடம், கீ மேடம்!"

மேடம் என்னைப் பார்த்தார். நான் கூடையை எடுத்தேன். கம்பெனிப் பின்கதவின் கீல் கழற்ற ஆசாரி வரட்டும், அதுவரை சாவி இறங்காது என்று மேடம் சொல்ல, சார் அதைத் தமிழில் கீழே சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆசாரி வந்த பிறகு நான் சாவியை இறக்கினேன். முதலாளியே படியேறிப் பூட்டைத் திறந்தார். ஆசாரி பின்கதவைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நவநீதன் மூலையில் உட்கார்ந்துவிட்டார். கதவிடம் கொடுக்க அவரிடம் எக்கச்சக்கமாக இருந்திருக்கும். ஆனால் ஜன்னலுக்குக் கீழே முதலாளி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். மேடத்திடம் இருந்த ஒன்றை என்னிடம் சொல்லியாகிவிட்டது, அது இனி கதவுக்கு ஆகாது. என்னுடையதும் அப்படியே.

"வாட் வில் யூ டெல் த டோர் நவ்?" என்று மேடம் கேட்டார்.

"நத்திங், மேடம். ஃபினிஷ்." சொல்லிவிட்டுச் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. வீட்டில் என் பாய் சுருட்டியபடி கிடக்கும். மருமகன் வடை அனுப்புவார்.

சார் டஸ்டரை எடுத்துப் பலகையைத் துடைத்தார். "லெட் அஸ் பிகின்" என்றார், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல். சாயங்காலம் ஷிப்ட் விட்டபோது பெண்கள் அந்தப் பக்கமாக இறங்கினார்கள். பழக்கமில்லாத படி என்பதால் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக, சிலர் மேலே பார்த்துக் கையசைத்துக்கொண்டு இறங்கினார்கள். நான் கடைசிப் பெண் சந்து திரும்பும் வரை எண்ணினேன். தளத்தில் மீதி யாருமில்லை. பிறகு பழக்கத்தில் திரும்பி அறையையும் எண்ணினேன்.

மீதி நான்கு.